எழுபத்திரண்டு சதுர அடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இருபது வருஷமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். அதில் பாதி கணக்கு, பாதி கிண்டல். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஒரு பெருமை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நான் யோசித்ததில்லை. போன வருஷம் யோசிக்க வேண்டி வந்தது.

எங்கள் பள்ளி மாமல்லபுரத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவே, ஈ.சி.ஆரிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிற நடுநிலைப் பள்ளி. நான் தினமும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வருவேன். உட்கார இடம் கிடைத்தால் நோட்டு திருத்துவேன். கிடைக்காவிட்டால் நின்றபடியே அடுத்த பாடத்தை யோசிப்பேன். அப்படி நின்று யோசித்ததுதான் இந்த வீட்டுக் கம்பெனி.

ஏழாம் வகுப்பில் சுற்றளவு, பரப்பளவு. புத்தகத்தில் ஒரு செவ்வகம் இருக்கும். அது யாருடைய செவ்வகம், அதை ஏன் நாம் அளக்கிறோம், ஒன்றும் தெரியாது. எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் பாதிப் பேர் நாவலூர்ப் பக்கம் கட்டடம் கட்டப் போகிறவர்கள், டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள். சதுர அடி என்ற வார்த்தையைப் பிள்ளைகள் என்னிடம் கற்க வேண்டியதே இல்லை. அதனால் வகுப்பையே ஒரு கட்டடக் கம்பெனி ஆக்கிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அட்டைப் பெட்டியை வெட்டி மஞ்சள் பெயின்ட் அடித்து ஹெல்மெட் செய்தோம். சர்வேயர், இஞ்சினியர், சைட் சூப்பர்வைசர் என்று ஆளுக்கொரு பதவி. நான் ஓனர் என்றேன். "வேணாம் டீச்சர், நீங்க மேஸ்திரியா இருங்க. ஓனரு சைட்டாண்டயே வர மாட்டாரு" என்றது ஒரு வால். சரி என்று மேஸ்திரி ஆனேன்.

முதல் வேலை, அவரவர் வீட்டை அளந்து வர வேண்டும். ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று சார்ட்டில் வரைய வேண்டும். கதவு, ஜன்னல், அடுப்பு, கட்டில், பீரோ எல்லாம் அளவோடு அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். மேலே தலைப்பு 'எங்கள் வீடு'. இது எல்லாருக்கும் பொது. இந்த விதி எல்லாம் நானே போட்டது. டெய்லர் கடையிலிருந்து இஞ்ச் டேப் பத்து வாங்கி வந்து, முறை வைத்துக் கொடுத்தனுப்பினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வகுப்புக் கரும்பலகையில் தினமும் ஓர் ஓரமாக 'விடை நியாயமா?' என்று எழுதியிருக்கும். கணக்கைப் போட்டு முடித்ததும் அதைப் பார்த்து ஒரு தடவை யோசிக்க வேண்டும். பஸ்ஸின் வேகம் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் என்று ஒருத்தன் கொண்டு வந்தால், "இன்னாடா, ராக்கெட்ல வந்தியா?" என்பேன். வகுப்பு சிரிக்கும். அவனும் சிரித்துக்கொண்டே விடையை அடித்துவிட்டு மறுபடி போடுவான். கணக்கு டீச்சர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். நல்ல பழக்கம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

அந்தப் பெண் ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்தவள். வேடந்தாங்கல் பக்கம் ஏதோ ஊரில் கொஞ்சம் பயிர் வைத்துக்கொண்டிருந்த குடும்பம், அப்பாவுக்கு ஈ.சி.ஆரில் வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் நான் கேட்கவும் இல்லை. அதிகம் பேச மாட்டாள். கணக்குப் போடும்போது மட்டும் உதடு அசையும்.

அவள் முறை வந்து சார்ட்டை விரித்தாள். அவ்வளவு பெரிய சார்ட்டில், கீழ் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம். நீளம் ஒன்பது, அகலம் எட்டு.

"இன்னாம்மா இது?"

"எங்க வூடு டீச்சர்."

"ஒன்பதுக்கு எட்டு. எழுபத்திரண்டு சதுர அடி. எத்தனை பேர் இருக்கீங்க?"

"நாலு பேரு டீச்சர். தங்கச்சி கைக்கொழந்த."

"நாலு பேரும் எப்படிப் படுப்பீங்க? பாயைச் சுருட்டி நிக்க வெக்கிற மாதிரி நிக்க வெச்சிடுவாங்களா?"

வகுப்பு ஓவென்று சிரித்தது. நானும் சிரித்தேன்.

"அப்பா வெளிய படுப்பாரு டீச்சர். கேட்டாண்ட."

காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருஷமாக சாக்குப்போக்கு கேட்டுக் கேட்டு என் காது அப்படி ஆகிவிட்டது, எதைச் சொன்னாலும் சாக்காகத்தான் கேட்கும்.

"சரி, அடுப்பு?"

"அதுவும் வெளிய."

"பாத்ரூம்?"

"அது பின்னாடி கீது."

"வெளிய இருந்தா, பின்னாடி இருந்தா வீட்டுக் கணக்குல வராதா? ஒரு ரூமை அளந்துட்டு வந்து வீடுன்னு சொன்னா எங்க கம்பெனி ஒத்துக்காதும்மா" என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'விடை நியாயமா? முழு வீட்டையும் அளந்து வா' என்று அந்தக் கட்டத்துக்குக் குறுக்கே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவள் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நான் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

திங்கட்கிழமை புது சார்ட்டோடு வந்தாள். விரித்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அறுபத்திரண்டுக்கு நாற்பது. சார்ட் முழுக்க வீடு. நான்கு படுக்கையறை, ஒவ்வொன்றிலும் பாத்ரூம், நடுவில் பெரிய ஹால், கடலைப் பார்த்து ஒரு வராண்டா. ஜன்னல்களின் அகலம், கட்டிலின் நீளம், எந்த அறையில் எந்தச் சுவரோரம் பீரோ இருக்கிறது என்பது வரை ஒன்று விடாமல் போட்டிருந்தாள்.

அது கூடப் பெரிதில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்கு போட்டிருந்தாள். வீட்டின் நீளம் வெளியே அளந்தால் அறுபத்திரண்டு அடி வருகிறது. உள்ளே வரிசையாக இருக்கிற மூன்று அறைகளையும் கூட்டினால் ஐம்பத்தொன்பதுதான் வருகிறது. மூன்று அடி எங்கே போனது? மூன்று அறைக்கு நான்கு சுவர். மூன்றை நான்கால் வகுத்தால் முக்கால் அடி. ஆகவே சுவரின் கனம் ஒன்பது அங்குலம்.

இதை நான் சொல்லித் தரவில்லை. சுவருக்குக் கனம் உண்டு என்பதே வகுப்பில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை, சொல்வதற்கு வெட்கம் என்ன. கொத்தனார் வீட்டுப் பையன் ஒருத்தன் எழுந்து, "ஆமா டீச்சர், செவுரு ஒம்போது இஞ்ச் தான் கட்டுவாங்க. எங்கப்பா சொல்லுவாரு" என்றான். அடி என் ராஜாத்தி என்று அவளைக் கட்டிக்கொண்டேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கணக்கு டீச்சருக்கு இப்படி ஒரு நாள் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம்.

"எந்த இடம்மா இது?" என்று கேட்டேன்.

"நாங்க இருக்கிற எடம் டீச்சர்."

அவ்வளவுதான் கேட்டேன். எழுபத்திரண்டு சதுர அடியைப் பார்த்து நியாயமா என்று குறுக்கு விசாரணை செய்தவள், இரண்டாயிரத்து நானூற்று எண்பது சதுர அடியைப் பார்த்து அதற்கு மேல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. யூனிஃபார்மில் தையல் விட்டுப்போன அந்தத் தோளைத்தான் கட்டிப்பிடித்திருந்தேன். அப்போதும் கேட்கவில்லை. பெரிய வீடு என்றால் நமக்குச் சந்தேகம் வராது போல. சின்ன வீட்டுக்காரன்தான் நிரூபிக்க வேண்டும்.

சார்ட்டை வகுப்புச் சுவரில் நடுநாயகமாக ஒட்டினோம். அட்டை ஹெல்மெட்டோடு அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து போட்டோ எடுத்தேன். படத்தைத் தனியாகவும் ஒன்று, கிட்டத்தில், எழுத்தெல்லாம் தெரிகிற மாதிரி எடுத்தேன். பெற்றோர் வாட்ஸப் குழுவில் இரண்டையும் போட்டு, 'எங்கள் கம்பெனியின் தலைமை இஞ்சினியர்' என்று எழுதினேன். எல்லாரும் கைதட்டுகிற பொம்மை அனுப்பினார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி நான்தான்.

புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழனும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். பள்ளி விட்டதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு, சேர்க்கைப் பதிவேட்டில் இருந்த விலாசத்தைக் காட்டி ஷேர் ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரர் ஒரு பெரிய இரும்பு கேட்டின் முன் இறக்கிவிட்டார். உள்ளே கடலைப் பார்த்தபடி வெள்ளை பங்களா. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஆள் இருக்கிற வீடு மாதிரியே இல்லை. கேட்டை ஒட்டி உள்பக்கம் ஒரு அறை. அதன் வாசலில் கல் கூட்டி அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு மூட்டையில் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார் ஓர் ஆள். அவள் அப்பா. அந்த பங்களாவுக்கு வாட்ச்மேன்.

நான் அந்த அறையைப் பார்த்தேன். டேப் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மூலையில் தண்ணீர் மோட்டார், அதை மறைத்து ஒரு பழைய புடவை, கீழே கைக்குழந்தையோடு அவள் அம்மா. ஒன்பதுக்கு எட்டு. அவள் சரியாகத்தான் அளந்திருந்தாள். அப்பா கேட்டருகே படுப்பார் என்று சொன்னாள், அடுப்பு வெளியே என்று சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்.

"வாங்க டீச்சர்" என்று எழுந்தார். உட்கார வைக்க ஒன்றும் இல்லாமல், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டைத் துண்டால் துடைத்தார்.

"என்ன ஆச்சு? எங்க கெளம்புறீங்க?"

"ஓனரு காலி பண்ணச் சொல்லிட்டாரு டீச்சர். ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுத்துக்கிறாரு."

மெல்ல மெல்லத்தான் சொன்னார். அந்தத் தெரு பங்களாக்களில் கரண்ட் வேலை பார்க்கிறவரின் பிள்ளையும் எங்கள் பள்ளிதான். குழுவில் படத்தைப் பார்த்ததும் அவருக்கு எந்த பங்களா என்று தெரிந்துவிட்டது. "அந்த அண்ணாத்த மேல தப்பு இல்ல டீச்சர். 'உன் பொண்ணு பின்னிட்டாடா'ன்னு எனக்கே போன் பண்ணி சந்தோசப்பட்டாரு. அதே சந்தோசத்துல ஓனருக்கும் அனுப்பிட்டாரு." ஓனர் சென்னையில் இருக்கிறார். அவர் பார்த்தது என்ன? அவருடைய வீடு. எந்த அறையில் பீரோ இருக்கிறது, எந்த ஜன்னல் எவ்வளவு அகலம் என்பது உட்பட அத்தனையும். அதன் தலையில் 'எங்கள் வீடு' என்ற தலைப்பு. ஊரில் எத்தனை போனில் அது இருக்கிறதோ.

"உள்ள எப்படிப் போனா?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம பெருக்கறதுக்குத் தொறப்போம் டீச்சர். நம்ம வேலையைத் தவிர எதையும் தொடக் கூடாதுன்னு ஓனரு மொத நாளே சொல்லிக்கிறாரு. பொண்ணு டேப்ப எடுத்துகினு வந்து நின்னுச்சி. முழு வூட்டையும் அளந்துகினு வரச் சொன்னாங்கன்னு சிவப்பு இங்க்ல எழுதினதக் காட்டுச்சி. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சி. ஆனா டீச்சர் சொல்லிட்டாங்கன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்னு..." துண்டை உதறித் தோளில் போட்டார். "டேப்போட அந்தப் பக்கத்த நான்தான் டீச்சர் புடிச்சேன்."

அங்கேயே நின்று ஓனர் நம்பரை வாங்கிப் போன் போட்டேன். தப்பு என்னுடையது சார், நான்தான் அளக்கச் சொன்னேன், பீரோவைப் போடச் சொன்னதும் நான்தான், குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, வேண்டுமானால் பள்ளிக்கு வந்து பாருங்கள் என்று மூச்சு விடாமல் பேசினேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது கை வந்த கலை. "மேடம், அந்த ஆள் நல்லவர்னு எனக்கும் தெரியும். ஆனா உங்க வீட்டு பீரோ எங்க இருக்குன்னு ஊருக்கே அனுப்பிட்டாங்கன்னா நீங்க தூங்குவீங்களா? யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். தூங்க மாட்டேன்தான். எரிச்சலே அதுதான், திட்டுவதற்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.

"உடுங்க டீச்சர், எங்களுக்காக நீங்க கெஞ்சாதீங்க" என்றார் அவள் அப்பா.

அவள் அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "முதல்ல கொண்டு வந்தியேம்மா, அந்தப் படம் இருக்கா? அதுதான் சரி. டீச்சர்தான் தப்பாப் போட்டுட்டேன். குடு, அடிச்சிட்டு மார்க் போடுறேன்" என்றேன்.

"புதுசு வரஞ்சதும் அத அடுப்புல போட்டுட்டேன் டீச்சர். நீங்கதான தப்புன்னு போட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

பிஸ்கட் பாக்கெட்டை அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு வந்தேன். பஸ் வரும் வரை அழுதேன், பஸ்ஸிலும் அழுதேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா யார் வீட்டில் துக்கம் என்று விசாரித்தார்.

பள்ளியில் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். "நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றார்கள். வேண்டுமென்று செய்கிறவனை விட தெரியாமல் செய்கிறவனிடம்தான் பயம் அதிகம் என்று எரிந்து விழுந்தேன். குழுவில் அந்தப் படத்தை அழித்தேன். அழித்து என்ன புண்ணியம்? கம்பெனி வேலை பாதியில் நின்றது. அட்டை ஹெல்மெட்டுகளைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். இந்த வருஷம் வகுப்பறையையும் விளையாட்டு மைதானத்தையும் மட்டும்தான் அளக்கிறோம்.

சனிக்கிழமை காலை அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார். அவளும் கூட வந்திருந்தாள், யூனிஃபார்ம் இல்லாமல் பூப்போட்ட பாவாடை சட்டையில். ஓனர் கடைசியில் ஒரு காரியம் செய்திருந்தார். மரக்காணம் பக்கம் அவருக்குத் தெரிந்தவர் தோப்பு ஒன்று இருக்கிறது, அங்கே காவலுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை. சுவரில் இருக்கிற படத்தைக் கிழிக்க வேண்டும். கிழிப்பதை வீடியோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும்.

வகுப்பறையைத் திறந்தேன். நான்கு மூலையிலும் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்து சார்ட்டை இறக்கினேன். அதற்கு மேல் கை போகவில்லை. அந்த முக்கால் அடிக் கணக்கு இருக்கிற ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அப்பா போனைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"குடுங்க டீச்சர், நான் கிழிக்கிறேன்" என்று அவளே வாங்கிக்கொண்டாள்.

முதலில் நடுவில் கிழித்தாள். பிறகு ஒன்றன்மேல் ஒன்று வைத்து மறுபடி கிழித்தாள். கெட்டி சார்ட், நான்காவது தடவை அவளால் முடியவில்லை. தனித்தனியாகப் பிரித்துக் கிழித்தாள். முடித்ததும் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "மூஞ்சி வராத மாதிரி எடுத்துக்கிறேன் டீச்சர், கை மட்டும்தான் தெரியுது" என்றார் அவள் அப்பா, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

டி.சி.யில் பள்ளியை விடும் காரணம் என்ற இடத்தில் பெற்றோர் பணி மாற்றம் என்று எழுதிக் கொடுத்தோம். அவர் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் கூடப் போனேன். மன்னித்துக்கொள் என்று ஒரு பிள்ளையிடம் இருபது வருஷத்தில் சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னேன். அவளுக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. தலையை ஆட்டினாள். கேட் தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள்.

"டீச்சர், அந்த ஸ்கூல்லயும் வூட்ட அளந்துகினு வரச் சொன்னா இன்னா டீச்சர் எழுதறது?"

உண்மையை எழுது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. என்னை மாதிரியே ஒருத்தி அங்கேயும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பாள்.

"அளக்கலன்னு சொல்லிடும்மா" என்றேன். "திட்டினா வாங்கிக்கோ."

"சரி டீச்சர்" என்றுவிட்டு அப்பாவைப் பிடிக்க ஓடினாள்.